தாத்தா வீட்டுக் கதவுச் சாமான்களைத் தூக்கிப் போடாதீர்கள்

கும்பகோணம் பக்கம் 1930-களில் கட்டிய தாத்தா வீடு, மொத்தம் எட்டுக் கதவு, தாழ்ப்பாள் நாதாங்கி எல்லாவற்றிலும் பச்சை பெயின்ட் அப்பிக் கிடக்கிறது, பாதித் தாழ்ப்பாள் விழுவதில்லை, இரண்டு குமிழைக் காணோம், ஒரு பூட்டுக்குச் சாவி இல்லை, தச்சர் வந்து பார்த்துவிட்டு "எல்லாத்தையும் கழட்டிட்டு புதுசா ஸ்டீல்ல போட்டுடலாம் சார்" என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் போட வேண்டாம். எட்டுக் கதவுச் சாமானையும் நீங்களே மீட்டெடுக்கலாம், பெரிய செலவும் இல்லை. நேரம்தான் ஆகும். எங்கள் வீட்டில் ஆரம்பித்து, அப்புறம் சொந்தக்காரர்கள் வீடு, தெரிந்தவர்கள் வீடு என்று பதினைந்து வருடமாக இந்த வேலையை ஆசையோடு செய்துவருகிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

தாழ்ப்பாள் விழவில்லை என்றால் தாழ்ப்பாளில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் தோன்றும். பெரும்பாலும் தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கும், கதவுதான் இறங்கியிருக்கும். இது தெரியாமல் நல்ல சாமானைக் குப்பையில் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். புதுத் தாழ்ப்பாளை மாட்டினால் ஒரு மாதம் சரியாக விழும், ஏனென்றால் அதை இறங்கிய கதவுக்குத் தோதாக மாட்டியிருப்பார்கள். கதவு இன்னும் இறங்கும், அதுவும் விழாது.

சுவாமிமலை பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் இரட்டைக் கதவு, உள்பக்கம் கனமான இரும்புத் தாழ்ப்பாள், நாதாங்கிக்குள் போகவே மாட்டேன் என்றது. ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் வந்து நாதாங்கித் துவாரத்தை அரத்தால் ராவி ராவி, வட்டமாக இருந்ததைக் கீழ்ப்பக்கம் நீளமாக இழுத்துவிட்டிருந்தார்கள். அது குடுமிக் கதவு. கீல் கிடையாது, கதவின் ஓரக் கட்டையே மேலும் கீழும் குடுமியாக நீண்டு நிலையில் உள்ள குழிகளில் சுழலும். தொண்ணூறு வருடம் சுழன்றதில் கீழ்க் குடுமியும் தேய்ந்திருந்தது, குழியும் ஆழமாகியிருந்தது, கதவு அந்த அளவுக்குத் தணிந்துவிட்டது. நல்ல வேளையாக மேல் குழியில் தூக்குவதற்கு இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். நானும் உதவிக்கு வந்த தச்சரும் அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பித் தூக்கி, குழியில் இருந்த மணல், பிசுக்கு, செத்த எறும்பு எல்லாவற்றையும் ஸ்பூனால் வழித்தெடுத்தோம். 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பித்தளை வில்லையைக் குழியின் அளவுக்கு அறுத்து உள்ளே போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவிக் கதவை இறக்கினோம். அந்த வீட்டு அம்மா வந்து தாழ்ப்பாளை ஒரு விரலால் தள்ளினார். ணங்கென்று போய் உட்கார்ந்தது. அவர் அதை நாலைந்து தடவை திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதனால் உங்கள் எட்டுக் கதவில் எது குடுமி, எது கீல் என்று முதலில் பாருங்கள். கீல் கதவாக இருந்தால் மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், கதவின் பாரத்தை இழுத்துப் பிடிப்பது அதுதான். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கத்தை மேலே தூக்கினால் ஆட்டம் கையில் தெரியும். திருகாணித் துவாரம் பெரிதாகியிருந்தால் இன்னும் பெரிய திருகாணி போட்டு முறுக்க வேண்டாம். மூங்கிலையோ தேக்கையோ குச்சியாகச் சீவி, மரப்பசை தடவி, துவாரத்துக்குள் இறுக்கமாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டமாக அறுத்துவிட்டு, அதே பழைய திருகாணியைப் போடுங்கள். உளுத்த மரமாக இருந்தால் இது நிற்காது. உளுத்த பகுதியைச் செதுக்கியெடுத்து நல்ல தேக்குத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும், அதற்குத் தச்சர் தேவை.

தாழ்ப்பாள் முனை எங்கே இடிக்கிறது என்று தெரிய எளிய வழி ஒன்று உண்டு. குங்குமத்தை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து முனையில் தடவி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை அழுத்துங்கள். எங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. குறி துவாரத்துக்குக் கீழே விழுந்தால் கதவு இறங்கியிருக்கிறது, பக்கவாட்டில் விழுந்தால் மரம் ஊதியிருக்கிறது அல்லது நிலை சாய்ந்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதிக் கதவு பிடித்துக்கொள்வது சகஜம். அந்தச் சமயத்தில் இழைப்புளி பிடித்து இழைக்க யாரையும் விடாதீர்கள். மழையில் இழைத்த கதவு சித்திரை வெயிலில் சுருங்கி, சந்து வழியாகத் தெருவே தெரியும். மாசி வரை பொறுத்திருந்து பாருங்கள், பாதிக் கதவு தானாகவே சரியாகிவிடும்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். ஒரே நாளில் எட்டுக் கதவையும் பிரித்துவிடாதீர்கள். ஒரு கதவு, முடித்து மாட்டிய பிறகு அடுத்தது. கழற்றும் முன் செல்போனில் நாலு படம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு துணிப்பை, உள்ளே கதவின் எண் எழுதிய சீட்டு. திருகாணிகளை ஓர் அட்டையில் தாழ்ப்பாளின் உருவம் வரைந்து அதே அதே இடத்தில் குத்தி வையுங்கள், ஏனென்றால் பழைய சாமான்களில் துவாரங்கள் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்காது, இந்தத் துவாரத்துத் திருகாணி அந்தத் துவாரத்தில் சரியாக உட்காராது.

பெயின்ட் அடைத்த திருகாணியில் நேராகத் திருப்புளியை வைத்து முறுக்கினால் தலை நாசமாகிவிடும், இந்த வேலையில் ஆகும் சேதத்தில் பெரும்பங்கு இங்கேதான். முதலில் பழைய ரம்பத் துண்டாலோ தையல் ஊசியாலோ தலையில் உள்ள கோட்டுப் பள்ளத்தை அடிவரை சுரண்டுங்கள். சாமானைச் சுற்றிப் பெயின்ட்டும் மரமும் சேரும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது மரத்திலிருந்து பெயின்ட் பட்டையாக உரிந்து வரும். திருப்புளியின் வாய் பள்ளத்தின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பி, துருப் பிடிப்பு விட்ட பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். வரவில்லையா? ரேடியோ ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னைத் திருகாணித் தலையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குவதில் பிடி தளரும். இதற்கும் வராத திருகாணியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில், அதுவும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில், ஈயம் நிறைய இருந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் தூசு மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். ஊதுகுழல் வைத்துச் சுட்டுச் சுரண்டுவதும் அதே ஆபத்துதான்.

நான் செய்வது இதுதான். இனிமேல் சமையலுக்கு எடுக்கவே மாட்டோம் என்ற பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அதில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, வெளித் திண்ணையில் ஓர் அடுப்பு. தாழ்ப்பாள், கொண்டி, கீல் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல் சிம்மில் ஒரு மணி நேரம். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், சோடா அதை அரிக்கும். எடுத்துப் பார்த்தால் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும், மூங்கில் குச்சியால் தள்ளினால் மொத்தமாகக் கழன்று வரும். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி என்று ஒவ்வொரு அடுக்காகத் தெரியும், எல்லாவற்றுக்கும் அடியில் பித்தளை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உரித்த பெயின்ட்டைத் தோட்டத்தில் கொட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். உள்ளே வில் (ஸ்பிரிங்) இருக்கும் பூட்டை இப்படி வேகவைக்கக் கூடாது, பீங்கான் குமிழையும்.

இப்போது எது பித்தளை, எது இரும்பு என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதன் மேல் பித்தளை முலாம் பூசியிருக்கலாம். முலாம் பூசியதை அதிகம் தேய்த்தால் முலாம் போய்விடும், அதை ஈரத் துணியால் துடைத்து மெழுகு போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெட்டிப் பித்தளைத் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தாலே தெரியும். வார்த்துச் செய்தது, உள்ளங்கையில் கனக்கும். இன்று கடையில் கிடைக்கும் தகட்டுத் தாழ்ப்பாளையும் அதையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தச்சரிடம் பதில் சொல்லுங்கள்.

பித்தளைக்குப் புளி போதும். கொட்டை நீக்கிய பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்து, ஐந்து நிமிடத்துக்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்து வெயிலில் வையுங்கள். பீதாம்பரி மாதிரி பொடியும் வேலை செய்யும். ஆனால் ஊறப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆரம்ப காலத்தில் ஓர் அழகான கைப்பிடியை ராத்திரி முழுக்க வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறவிட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, அமிலமும் உப்பும் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. மஞ்சள் திரும்ப வர மேல் தோலையே தேய்த்தெடுக்க வேண்டியதாயிற்று, அதோடு அதில் இருந்த கொடி வேலைப்பாட்டின் கூர்மையும் போயிற்று. இன்னும் அந்தக் கைப்பிடியைப் பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அமோனியா கலந்த பாலிஷ் போட்டால் பிளவுகளில் மிச்சம் இல்லாமல் கழுவ வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவாக விளக்கினார்கள். அடித்து வளைத்த தகட்டிலும் வில்லிலும் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும், அமோனியா பட்டால் அங்கேதான் விரிசல் ஓடும். வார்த்த கெட்டித் தாழ்ப்பாளுக்கு இந்தப் பயம் குறைவு. பூட்டின் உள் வில்லுக்கு நிச்சயம் உண்டு.

எவ்வளவு பளபளப்பாக்குவது என்பது உங்கள் விருப்பம். என் விருப்பத்தைச் சொல்கிறேன். கை படும் இடம் தானாகவே பளபளக்கும், பள்ளங்களில் கறுப்பு தங்கட்டும், அப்போதுதான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். மோட்டாரில் பஃப் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிய தாழ்ப்பாள் பழைய தேக்குக் கதவில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், ஓரங்களும் மழுங்கிப் போகும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது வேண்டாம். குத்துவிளக்கில் எண்ணெய் தேங்கிய இடம் பச்சையாகக் களிம்பு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் தாழ்ப்பாளிலும் நடக்கும். தேன்மெழுகைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்துத் துணியால் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போதும். டர்பன்டைன் தீப்பற்றும், கரைக்கும்போது பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

இரும்புச் சங்கிலியும் நாதாங்கியும் வேறு கதை. துருவை வினிகரில் அரை நாள் ஊறவிட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, சோடாத் தண்ணீரில் ஒரு தடவை முக்கி அலசி, அந்த நிமிடமே துடைத்துச் சூடாக்கிக் காய வைக்க வேண்டும், விட்டால் கண் முன்னாலேயே மறுபடி துருவேறும். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகைத் தேய்த்தால் உருகி எல்லாச் சந்துக்கும் போய்விடும், கறுப்பாக, சாந்தமாக ஒரு நிறம் வரும். ஆளி விதை எண்ணெயும் போடலாம், பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

காணாமல் போன இரண்டு குமிழுக்கு நீங்கள் அலையவே வேண்டாம், கும்பகோணத்தில் இருந்துகொண்டு. பத்து கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோயில். குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகள் அங்கே தெருத் தெருவாக இருக்கின்றன, காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பவர்கள். மிச்சமுள்ள ஒரு குமிழை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இரண்டு குமிழ் அவர்களுக்குச் சின்ன வேலை, விளக்கு வேலை நடக்கும் நாளில் கூடச் சேர்த்து வார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை பங்கு சுருங்கும். குமிழில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 15 சென்டிமீட்டர் கைப்பிடியை அப்படியே மாதிரியாக வைத்து வார்த்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்து வரும், இரு முனைத் துவாரங்களும் கதவில் உள்ள துவாரங்களோடு சேராது. ஒரு தடவை எனக்கு இது நடந்தது. அப்புறம் கைப்பிடிக்குத் துவாரம் போடாமல் வார்த்து வாங்கி, வீட்டில் கதவில் வைத்து அளந்து துளை போட ஆரம்பித்தேன். புது வார்ப்பு பளிச்சென்று தனியாகத் தெரியும், கவலைப்படாதீர்கள், மெழுகு போடாமல் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் நிறம் சேர்ந்துவிடும்.

வார்க்க விருப்பம் இல்லை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நாள் போய்வரலாம், இடித்த வீடுகளின் சாமான் குவிந்து கிடக்கும். பழைய குமிழைக் கையோடு கொண்டுபோங்கள், கண் அளவில் வாங்கியது எனக்கு ஒரு தடவைகூடப் பொருந்தவில்லை.

பூட்டுக்குச் சாவி இல்லை என்று உடைக்க வேண்டாம். கதவோடு பொருத்திய பூட்டு என்றால் கழற்றி மேசையில் வைத்து, அழுத்தித் துடைத்துப் பாருங்கள், ஏதாவது பெயர் பொறித்திருக்கும். 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கலாம், பம்பாயில் 1897-ல் பூட்டு செய்ய ஆரம்பித்த கோத்ரெஜாகவும் இருக்கலாம். மூடியின் திருகாணிகளைக் கழற்றித் திறக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு திறவுங்கள், வில் தெறித்து அலமாரிக்கு அடியில் போனால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். திறந்ததும் படம் எடுங்கள். உள்ளே தகடு தகடாக நெம்புகோல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வில். சாவி எந்த உயரத்துக்கு எந்தத் தகட்டைத் தூக்க வேண்டும் என்பது அங்கேயே தெரியும், அதைப் பார்த்துச் சாவி அறுக்கத் தெரிந்த ஆசாரி இருந்தால் பூட்டுக்கு உயிர் வந்துவிடும். அது தொங்கு பூட்டாக, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டாக இருந்தால் திண்டுக்கல்லுக்கே கொண்டுபோங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு அது, கையால் அரம் பிடித்துச் செய்பவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். பென்சில் முனையைச் சீவிய கரித்தூளைச் சாவித் துவாரத்தில் ஊதி, சாவியை நாலு தடவை திருப்புங்கள்.

திரும்ப மாட்டும்போது பித்தளைச் சாமானுக்குப் பித்தளைத் திருகாணிதான், இரும்பு போட்டால் ஈரத்தில் அது சீக்கிரம் துருவேறி உள்ளேயே ஒடியும். ஒற்றைக் கோட்டுத் தலை உள்ளதையே கேட்டு வாங்குங்கள், பெரிய ஹார்டுவேர் கடைகளில் இன்னும் வைத்திருக்கிறார்கள். பித்தளைத் திருகாணி மெது, தேக்கு கடினம். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, அப்புறம் பித்தளைத் திருகாணியின் மரையை மெழுகில் ஒரு தடவை தேய்த்துக் கையால் முறுக்குங்கள், மோட்டார் வேண்டாம். எல்லாத் திருகாணியையும் முக்கால்வாசி ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் தானாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைசி முறுக்கு. கொல்லைக் கதவில் ஆரம்பியுங்கள், கை பழகிய பிறகு வாசல் கதவுக்கு வரலாம்.